இரண்டாவது பிரேக்

எங்கள் தெருவில் ஒரு பெண், கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தானே செய்த ஒரு சாண் நீளக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று வெளியூரில் யாரிடம் சொன்னாலும், அவ்வளவு சின்னக் காருக்குள் எப்படி ஏறினாள் என்றுதான் கேட்கிறார்கள்; எங்கள் தெருவில் அதை ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லாரும் கேட்டது எப்போது இறங்குவாள், எதைச் சாப்பிடுவாள் என்றுதான், ஏன் ஏறினாள் என்று கேட்க இன்றுவரை எவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். ஆறிப்போவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அவள் பெயர் தாரணி. அவள் அப்பா சென்னியப்பன் பொள்ளாச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஆஸ்பத்திரி நர்ஸ், பள்ளிக்கூட டீச்சர், மளிகைக் கடைக்காரர் சம்சாரம், பால் சொசைட்டி செயலாளரின் மருமகள் என்று இந்தப் பக்கத்தில் கார் ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கிற பெண்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், எதிர்வீட்டு வளர்மதியான நானும்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் இடப்பக்கத்திலும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும், ஆபத்துக்கு உதவும் என்று வைத்தது. சென்னியப்பன் அண்ணனுக்கு ஆபத்து என்பது வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை. நாங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிவோம், வண்டியை ஓட்டுவது அவர் கால். "அருமையா ஓட்டறீங் அம்மிணி" என்பார், நாங்களும் பூரித்துப்போவோம். லைசென்ஸ் கைக்கு வந்து சொந்தக் காரில் ஏறிய பிறகுதான் தெரியும், நாங்கள் ஒரு நாள்கூடப் பிரேக்கை மிதித்ததில்லை என்று. அவரிடம் படித்த பெண்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. நிறுத்த வேண்டிய இடம் வந்தால் கால் நகராது, கழுத்துதான் இடப்பக்கம் திரும்பும். இரண்டு தரம் வீட்டு கேட்டில் இடித்ததும் என் வீட்டுக்காரர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், என் லைசென்ஸ் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதர் பெற்ற மகளை மட்டும் அந்த வலப்பக்க சீட்டில் உட்காரவிடவில்லை. "கட்டிக்கிட்டுப் போற ஊட்டுல டிரைவர் இருப்பாங்க கண்ணு, உனக்கெதுக்கு?" என்பார். சின்ன வயதிலிருந்து பின் சீட்டில் உட்கார்ந்து, முன்னால் மிதிக்கிற கால்களையும் மிதிக்காத கால்களையும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் அவள். அவளுக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்று, வால்பாறை மலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் தன் கையால் திருப்பி, தன் காலால் மிதித்து ஏற வேண்டும் என்பது. இதைச் சொன்னபோது அவள் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். பஸ்ஸில் போய்விட்டு வரச் சொல்லி டிக்கெட்டுக்குப் பணமும் கொடுத்தார்கள்.

கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்துச் சேர்த்ததில் அவள் வாங்கியது ஒரு மாடல் கார் பெட்டி. அறுபத்தொன்பதாம் வருஷத்து டாட்ஜ் சார்ஜர், அமெரிக்காவில் எட்டு சிலிண்டர் இன்ஜினோடு உறுமிக்கொண்டு போன பெரிய முரட்டுக் கார், இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களாகப் பிரித்து வந்திருந்தது. அவள் அதைச் சும்மா ஒட்டி வைக்கவில்லை. கைக்கு வந்ததையெல்லாம் காருக்குக் கொடுத்தாள். கெட்டுப்போன போன் சார்ஜரை அறுத்து அதன் செப்புக் கம்பியை இன்ஜினுக்கு வயராக ஓட்டினாள், தீர்ந்துபோன பேனா ரீஃபில்லைச் சூடுகாட்டி வளைத்து சைலன்சராக்கினாள், என் ரவிக்கைத் துணியின் மிச்சத்தை வாங்கிப்போய் சீட்டுக்கு உறை தைத்தாள். என் கல்யாணப் புடவையின் மயில் கழுத்து நிறம்தான் வேண்டும் என்று அதன் உள்முந்தியில் ஒரு நூலை உருவிக்கொண்டு டிங்கரிங் கடை அயூப் பாயிடம் போய் நின்றாள். "இந்தக் கலர்ல யாரும் கார் அடிக்க மாட்டாங்க பாப்பா" என்றார் அவர். "நான் அடிப்பேனுங்க பாய்" என்று சொல்லி, பச்சையும் நீலமும் கலந்து கலந்து பார்த்து, அந்த நிறம் வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். அடித்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்து, புடவையை மடித்தால் மினுங்குகிற அதே மினுக்கம் பானெட்டில் வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். அவள் டேஷ்போர்டை அறுத்துத் திருப்பி, ஸ்டியரிங்கையும் பெடல்களையும் வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தாள், நம் ரோட்டில் ஓட வேண்டுமே. நான் குனிந்து பார்த்தேன், என் வியாதி என்னை விடுமா, "இந்தப் பக்கம் பெடல் வைக்கலியா தாரணி?" என்று கேட்டுவிட்டேன்.

"அங்க எதுக்குங்க்கா? அது கூட வர்றவங்க உக்கார்ற சீட்டு" என்றாள்.

இப்படி இருக்கும்போது உடுமலைப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்தான். பெயர் கௌதம், தென்னை நார் மில், வீட்டில் காரும் உண்டு, கார்களுக்கு டிரைவர்களும் உண்டு. வேண்டாம் என்று தாரணி அப்பாவிடம் சொன்னாள், அம்மா ஈஸ்வரியிடம் சொன்னாள், வந்து சாப்பிட்டுப் போன மாமன்மாரிடம் சொன்னாள். ஆளுக்கொரு விதமாகத் தலையாட்டினார்கள், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மறுநாள் காலை ஈஸ்வரி காப்பியோடு போனபோது கட்டில் காலியாக இருந்தது, மேசைமேல் காருக்குள், என் ரவிக்கைத் துணி சீட்டில், விரல் உயரத்தில் தாரணி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"காப்பி ஆறுது, எறங்கி வா" என்றாள் ஈஸ்வரி.

தாரணி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். குரலும் சின்னதாகியிருந்தது, ஆனால் தெளிவாகக் கேட்டது. "கல்யாணம் வேண்டாம்னு அப்பாவச் சொல்லச் சொல்லுங்க, அப்பவே எறங்கறேன்."

"மொதல்ல காப்பியக் குடி" என்று அம்மா ஒரு சொட்டைப் பாட்டில் மூடியில் ஊற்றி வைத்தாள்.

அன்று மத்தியானம் அவள் இன்ஜினைக் கிளப்பினாள். எட்டு சிலிண்டரும் முழு அளவுக் காருக்கு உரிய சத்தத்தோடு உறுமின, எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் நடுங்கின, தெருவே சென்னியப்பன் வீட்டு வாசலில் கூடியது. கூடியவர்கள் என்ன கேட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆண்கள் மேசையைச் சுற்றிக் கைகட்டி நின்று மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டார்கள். பெட்ரோலா டீசலா என்று கேட்டார்கள். பெண்கள் எதைச் சாப்பிடுகிறாள், எங்கே குளிக்கிறாள் என்று கேட்டார்கள். தெருமுனை டாக்டர் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்து, பொண்ணு ஆரோக்கியம், ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி, பேரீச்சம்பழம் கொடுங்கள் என்றார். ஜோசியர் கட்டத்தைப் பார்த்து, இது வாகன யோகம், கல்யாணத்துக்குத் தடை இல்லை என்றார். பத்துப் பதினைந்து நாளில் அந்தச் சத்தமும் பழகிவிட்டது. காலையில் அவள் வண்டியைக் கிளப்பினால் எழுந்து வாசல் தெளிக்க வேண்டிய நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். இட்லியைக் கிள்ளி ஜன்னல் வழியாகக் கொடுக்கிற வேலைக்கு அத்தைமாருக்குள் முறை போட்டுக்கொண்டார்கள். மேசையிலிருந்து விழுந்துவிடக் கூடாதே என்று ஓரமெல்லாம் டம்ளர்களைக் கவிழ்த்து வேலி கட்டினார்கள். அவள் மேசைமேலேயே வேகமாக வட்டம் போடுகிறாள் என்றதும், ஒரு மாமன் களிமண் உருட்டிக்கொண்டு வந்து மேசை நெடுக வேகத்தடை போட்டார், அதற்கு வெள்ளைக் கோடும் அடித்தார். பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை கேட்டு நாங்கள் வருஷக்கணக்காக நடக்கிறோம், ஒரு பெண் காரோட்டினாள் என்றதும் பாருங்கள், ஒரே நாளில் சாங்ஷன்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்படிச் சொல்வது என்று ஈஸ்வரி மருகினாள். மருகியது வீண். கௌதமின் அம்மா சாந்தாமணி வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு சின்னதா இருந்தா என்னங்? சாப்பாடும் துணிமணியும் கம்மிதான ஆகும்" என்றாள். காப்பி குடித்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "நகை மட்டும் பேசுன அளவுலயே இருக்கட்டுமுங்க" என்றாள். ஒருத்தர் முகம்கூடச் சுளிக்கவில்லை. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் அந்தக் காப்பி டம்ளரை எடுத்து வீசியிருக்க வேண்டும், கழுவித்தான் வைத்தேன்.

கௌதமாவது ஒரு வார்த்தை அவளிடம் பேசுவான் என்று பார்த்தேன். அவன் மேசைக்கு முன் நின்று காரை நாலு கோணத்தில் போட்டோ எடுத்தான். "கலர்தான் ஒரு மாதிரி இருக்கு, கல்யாணத்துக்கு அப்புறம் கறுப்பு அடிச்சுக்கலாம்" என்று அவளைப் பார்க்காமல் மாமனாரிடம் சொன்னான். கார் ஒரு ஹாரன் அடித்தது பாருங்கள், அலமாரிச் சாமான் அத்தனையும் குலுங்கிற்று.

தாலியை எங்கே கட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி, பெரியவர்கள் கூடிப் பேசி அதையும் தீர்த்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை போடுகிறோமே, அதுபோலக் காரின் முன் கண்ணாடியைச் சுற்றி மூன்று முடிச்சு, உள்ளே இருக்கிறவளுக்கும் சேர்ந்தே ஆயிற்று. ஒரே ஒரு பயம்தான் பாக்கி. முகூர்த்த நேரத்தில் வண்டியை எடுத்துவிட்டாள் என்றால்? எல்லார் கழுத்தும் சென்னியப்பனைப் பார்த்துத் திரும்பியது. அந்தக் கழுத்துத் திருப்பல் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

அவர் வாட்ச் கடையில் லென்ஸும் இடுக்கியும் இரவல் வாங்கிவந்து மேசை முன் உட்கார்ந்தார். சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்து அதில் மெல்லிய ஒரு இழையை எடுத்து, காரின் பிரேக்கோடு கோத்து, டிக்கி வழியாக வெளியே கொண்டுவந்து, மறுமுனையில் சைக்கிள் பிரேக் லீவரை மாட்டினார். லீவரைப் பிடித்து அமுக்கினால் உள்ளே அவள் என்ன மிதித்தாலும் வண்டி நின்றுவிடும். பின்பக்கம் அரிசி அளவுக்குச் சிவப்பு எல் போர்டு ஒன்றையும் ஒட்டினார். பேரீச்சம்பழம் கிள்ளிக் கொடுக்கிற முறை அன்று என்னுடையது. தாரணி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, தன் தலைக்குப் பின்னால் கம்பி கோக்கிற அப்பாவின் விரலைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு" என்றார்.

"அப்பா, இத்தன வருசத்துல எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்தீங்களே, அதுல ஒருத்தராவது தனியா வண்டி ஓட்டறாங்ளாப்பா?"

அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார். "எல்லாருக்கும் லைசென்ஸ் வாங்கிக் குடுத்திருக்கறேன்" என்றார், பெருமையாகத்தான் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேரீச்சம்பழத்தைப் பார்த்தேன்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. அவரிடம் படித்த பெண்கள் அத்தனை பேரும் பட்டுக் கட்டி வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மணவறையில் பித்தளைத் தாம்பாளத்தில் மயில் கழுத்து நிறக் கார், பக்கத்தில் கௌதம், அந்தப் பக்கம் பட்டு வேட்டியில் சென்னியப்பன், கையில் சைக்கிள் பிரேக் லீவர். புது வண்டிக்குச் செய்கிற எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று சாந்தாமணி நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். பழம் சக்கரத்தைவிடப் பெரிது. திருஷ்டிக்கும் ஆயிற்று, தடைக்கும் ஆயிற்று என்று அவளே சொல்லிச் சிரித்தாள். உள்ளே தாரணி முகூர்த்தப் புடவை கட்டவில்லை, வேலைக்குப் போகிற சுடிதாரில்தான் இருந்தாள், அதையும் யாரும் பார்க்கவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. கௌதம் தாலியை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

அந்தக் காரில் முகப்பு விளக்குகள் எப்போதும் மூடிக்கிடக்கும், அதன் அமைப்பே அப்படி. இப்போது இரண்டு மூடியும் திறந்தன, வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது, இன்ஜின் கிளம்பிய உறுமலில் நாதஸ்வரம் நின்றுபோனது. பின் சக்கரங்கள் எலுமிச்சம்பழத்தில் உரசி நின்ற இடத்திலேயே சுழன்றன, தோல் கருகிப் புகை வந்தது, பழம் பிளந்தது, சாறு நாலா பக்கமும் பீய்ச்சி அடித்தது. மாப்பிள்ளை "ஐயோ கண்ணு!" என்று கத்தினான். அவன் கூப்பிட்டது யாரையும் இல்லை, எரிந்தது அவனுடைய கண்.

"புடிங்க மச்சான்! புடிங்க!" என்று மாமன்மார் கத்தினார்கள்.

சென்னியப்பன் லீவரை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். பற்களைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அமுக்கினார். கார் தாம்பாளத்தைத் தாண்டி, மணவறையைத் தாண்டி, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, பந்தி நடக்கிற கூடத்துக்கும் எங்கள் வரிசைக்கும் நடுவில் இருந்த பாதையில் பாய்ந்தது. அவர் கம்பியை இழுத்தார். அது தடையே இல்லாமல் முழுசாக அவர் மடிக்கு வந்து சேர்ந்தது. அதன் நுனியில், பிரேக்கில் கோத்திருந்த இடத்தில், அந்தச் சிவப்பு எல் போர்டு அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அந்தக் காரில் ஒவ்வொரு பாகத்தையும் மாட்டியவள் அவள், எதை எங்கே கழற்றுவது என்று அவளுக்கா தெரியாது. அவர் எழுந்து நின்றார், வலது கால் மட்டும் தரையை மிதித்து மிதித்து அழுத்திக்கொண்டிருந்தது.

கார் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு இறங்கி ஆழியார் பக்கம் திரும்பியது. ஆண்கள் துரத்திக்கொண்டு ஓடினார்கள், கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கி நின்றார்கள். அது தேங்காய் லாரிகள் போகிற ரோடு. ஒரு சாண் உயரம்கூட இல்லாத காரை எந்த லாரிக்காரன் பார்ப்பான்? பின்னால் ஒரு வண்டி மறைத்துக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, தோன்றியதும் உட்கார முடியவில்லை. என் வீட்டுக்காரர் பந்தியில் பாயசத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"சாவியக் குடுங்க."

"நீ ஓட்டுவியா? கேட்ல இடிச்சது மறந்துபோச்சா?"

நான் அவர் சட்டைப் பைக்குள் கை விட்டு எடுத்துக்கொண்டேன். அவர் கை முழுக்கச் சாம்பார், தடுக்க முடியவில்லை. நான் வெளியே வந்தபோது நர்ஸ் அம்மாள் தன் மகனிடம் சாவியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள், டீச்சர் ஏற்கெனவே காருக்குள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.  ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பினோம், உறுமிக்கொண்டும் குலுங்கிக்கொண்டும், கிளச்சை விடத் தெரியாமல் இரண்டு தரம் அணைந்தும். ஊர்ந்து ஊர்ந்துதான் போனோம், பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே வந்தன, வரட்டும். எனக்கு முன்னால் அந்த மயில் கழுத்து நிறம் போய்க்கொண்டிருந்தது, நான் அதை விட்டுவிடவில்லை. ஆழியார் அணையைத் தாண்டும்போது அது என் காரைவிட நீளமாக இருந்தது. எந்த இடத்தில் வளர்ந்தது என்று பலர் கேட்டுவிட்டார்கள். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

முதல் கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது, ரோட்டை அடைத்துக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு. முன்னால் தாரணியின் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது, அவள் மிதித்துவிட்டாள். என் கால் நகரவில்லை. பழைய வியாதி, கழுத்துதான் இடப்பக்கம் திரும்பியது. அந்த சீட்டில் என் கைப்பையும், கல்யாண வீட்டில் கொடுத்த வெற்றிலைப் பாக்குப் பையும் இருந்தன, வேறு யாரும் இல்லை, யார் காலும் இல்லை.

நான் மிதித்தேன். வண்டி நின்றது.